பயறுப் பொடிக்கு நான் எழுதிய பத்தியம்

எதையும் எழுதி வைத்துக்கொள்பவனால் பொய் சொல்ல முடியாது. இதை ஒரு நல்ல குணம் என்றே ஐம்பத்தொரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் ஒரு பேராசிரியையின் அறையில் என் டைரியை நானே திறந்து, நானே சத்தமாகப் படித்து, என் அக்கா மகளின் ஆராய்ச்சியில் சரிபாதியை நானே குழியில் இறக்கினேன். எழுதாதவர்கள் எவ்வளவு பாதுகாப்பாக வாழ்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூர். எழுந்த நேரம், பால் வந்த நேரம், மழை பெய்த நேரம், நின்ற நேரம் எல்லாம் என் டைரியில் இருக்கும். (“பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டா ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் போட்டு எழுதற மனுசன் இவரு ஒருத்தருதான்” என்பது என் மனைவி சாந்தி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வது. முடிந்த நேரத்தை நான் எழுதுவதில்லை. சண்டை முடிந்ததா என்பது பெரும்பாலும் உறுதியாகத் தெரியாது.)

என் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் மகள் கயல் அங்கேயே பயறு வகைகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10.20க்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் பெப்டைடு என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன்.

“புரதம்னா நீளமா ஒரு இடியாப்பச் சிக்கல்னு வச்சிக்கங்க மாமா. பயறு மொளைக்கும்போதும், மாவு புளிக்கும்போதும், நம்ம வயித்துல செரிக்கும்போதும் அது அறுந்து குட்டிக் குட்டித் துண்டாவும். அந்தத் துண்டுக்குத்தான் பெப்டைடுன்னு பேரு.”

“துண்டு உள்ள போயி என்ன செய்யும்?”

“ரத்தக் கொழாய இறுக்கிப் புடிக்கறதுக்கு ஒடம்புல ஒரு நொதி வேல செய்யுது. சில துண்டுங்க போயி அந்த நொதியோட கையப் புடிச்சிக்கும். அது சும்மா இருந்தா கொழாய் கொஞ்சம் தளரும், பிரஷர் கொறையும். டெஸ்ட் டியூப்ல நல்லாவே நடக்குது. மனுசங்க ஒடம்புல எவ்ளோ நடக்குதுன்னு பாக்கறதுதான் என்னோட கடைசி சாப்டர்.”

“அப்போ மாத்திரைய நிறுத்திட்டு பயறே சாப்புடலாமா?” என்றாள் சாந்தி.

“அப்படி யாரும் பண்ணக் கூடாது அத்தை. மாத்திரை வேற, இது வேற. மாத்திரை போடறவங்கள நான் எடுக்கவே மாட்டேன். மாத்திரை வரைக்கும் போவாம வெளிம்புல நிக்கறாங்க பாருங்க, அவுங்கதான் எனக்கு வேணும்.”

“ஒன் மாமாவ எடுத்துக்க. எல்லாத்துலயும் வெளிம்புலதான் நிப்பாரு.”

கயல் சிரித்தாள். ஆனால் அவள் கை மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. அந்த வருடத்தோடு அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிகிறது. நாற்பது பேர் வேண்டும். சிதம்பரத்தில் இருபது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பொடியைத் தயாரிக்கவே ஒரு வருடம் ஆகியிருந்தது. இன்னும் இருபது பேரை ஒரு மாதத்துக்குள் சேர்க்காவிட்டால் அந்த சாப்டர் இல்லை, அந்த சாப்டர் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

“உங்க வாக்கிங் ஆளுங்க யாராவது வருவாங்களா மாமா? நீங்க சொன்னா கேப்பாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் என் தலை சற்றுக் கனத்தது. ‘நீங்க சொன்னா கேப்பாங்க’ என்று அதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

நாங்கள் காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடப்பவர்கள். (நடப்பதற்கு வண்டியில் போவோம்.) என்னோடு சேர்த்து இருபது பேர் தேறினார்கள். ஏற்பாடு எளிமையானது. பாதிப் பேருக்கு முளைகட்டிப் புளிக்கவைத்த பச்சைப்பயறுப் பொடி. மீதிப் பாதிக்கு அதே நிறமும் அதே கசப்பும் சேர்த்த வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கயலுக்கும் தெரியாது. அந்த விவரம் அவளுடைய கைடு மேடத்திடம் ஒட்டிய கவரில் இருந்தது. ஆறு வாரம் தினமும் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கயல் வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று விட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் காலை 6.05க்குப் பொடியைக் குடித்தேன். கசப்பு நாக்கில் ஆரம்பித்துக் காது வரை போனது. பெப்டைடு துண்டுகள் கசப்பாகத்தான் இருக்குமாம், கயல் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் கசந்தால் அது மருந்து என்பது நம் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். மருந்தென்றால் பத்தியம் உண்டு. பத்தியம் இல்லாத மருந்தைக் கொடுத்தவரை மருத்துவர் என்றே எங்கள் வீட்டில் ஒப்புக்கொண்டதில்லை. அப்படியானால் இதற்கு என்ன பத்தியம்?

கயல் கொடுத்த படிவத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். நான்காவது நிபந்தனை இப்படி இருந்தது: ‘பங்கேற்பாளர்கள் ஆய்வுக் காலத்தில் தங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது.’

எப்போதும் போலச் சாப்பிடுங்கள் என்பதைத்தான் அவள் அப்படி எழுதியிருந்தாள். ஆங்கிலப் படிவத்தை அவசரமாகத் தமிழாக்கியவள், ‘டயட்’ என்ற சொல்லுக்குச் சாப்பாடு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘உணவுக் கட்டுப்பாடு’ என்று எழுதிவிட்டாள். வேறு யாராவது படித்திருந்தால் தோராயமாகப் புரிந்துகொண்டு போயிருப்பார்கள். நான் தோராயமாக எதையும் புரிந்துகொள்பவன் இல்லை. கட்டுப்பாட்டில் மாற்றம் கூடாது என்றால் முதலில் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்க வேண்டும். அது எங்கே? படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறையை உதறிப் பார்த்தேன். இல்லை.

என் இருபத்தாறு வருட அனுபவத்தில், இணைப்போடு வந்துசேர்ந்த சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை. ‘இணைப்பில் கண்டவாறு’ என்று இருக்கும், இணைப்பு இருக்காது. அப்போது மேலிடத்தைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல், பழைய கோப்புகளைப் பார்த்து நாமே ஒரு இணைப்பைத் தயாரித்துக்கொள்வதுதான் நல்ல ஊழியருக்கு அழகு. இதற்காக நான் இருமுறை பாராட்டப்பட்டிருக்கிறேன்.

கயலுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பாவம், அந்தப் பெண் ஏற்கெனவே கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள், விட்டுப்போன இணைப்பைச் சுட்டிக்காட்டி அவளைப் பதறவைப்பானேன் என்று நினைத்தேன். (இவ்வளவு நல்ல எண்ணத்தோடு இவ்வளவு பெரிய நாசத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.)

அன்று மாலையே ‘இணைப்பு – அ’ தயாரானது. சமையலில் உப்பு பாதி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் விலக்கு. காபி காலையில் மட்டும், சர்க்கரை இல்லாமல். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். மைதானத்தில் கூடுதலாக இரண்டு சுற்று. கடைசியாக, கோபம் தவிர்க்கப்பட வேண்டும். கொஞ்சம் வார இதழ் மருத்துவப் பகுதியிலிருந்து எடுத்தது, கொஞ்சம் என் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வைத்தியர் சொன்னது. இருபது நகல் எடுத்து மறுநாள் மைதானத்தில் விநியோகித்தேன்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

“ஆறு வாரம் கருவாடு இல்லியா? சார், பொடிய எனக்குக் குடுத்துருக்கா, இல்ல கருவாட்டுக்குக் குடுத்துருக்கா?”

“ஆராய்ச்சி பாய். ஒரு பொண்ணோட வாழ்க்க.”

“அத சொல்லிட்டீங்கல்ல, வுடுங்க. ஆனா இது ரொம்ப ஜாஸ்தி.”

சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் செல்வம் கையைத் தூக்கினான். “பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சி வரேன். எட்டு மணிக்குள்ள எப்படி சார் சாப்புடறது?”

“கீழ குறிப்பு ரெண்டு பாரு. ஷிப்ட் ஆளுங்களுக்கு விலக்கு உண்டு.”

“கோவப்படக் கூடாதுன்னு போட்டுருக்கே, இத எங்க வூட்ல காட்டலாமா?”

“காட்டு. அவுங்களுக்கும் சேத்துதான்.”

அதன் பிறகு ஆறு வாரம் நான் நிம்மதியாக இருந்ததாக டைரியில் ஒரு குறிப்பும் இல்லை. தினமும் மாலை 6.30க்கு இருபது பேரில் பத்துப் பேருக்கு ஒரு நாள், மீதிக்கு மறுநாள் என்று போன் போட்டுச் சரிபார்த்தேன். யாராவது அப்பளத்தைத் தொட்டுவிடுவார்களோ, அந்த ஒரு அப்பளத்தால் கயலின் பட்டம் நொறுங்கிவிடுமோ என்று பயம். ரஹீம் பாய் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும் அந்தப் பகல் முழுக்க எனக்கு அலுவலகத்தில் கை ஓடவில்லை. (“ஊறுகாய் எலையில வச்சாங்க சார். நான் அதப் பாத்தேன். அது என்னப் பாத்துது. அவ்ளோதான்.” இது அவர் மறுநாள் கொடுத்த வாக்குமூலம். அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.)

வீட்டில் உப்பு குறைந்த குழம்பைச் சாந்தி என் தட்டில் ஊற்றும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள்.

“கயலு இப்படியா சொன்னா? ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“படிவத்துல இருக்கு.”

“படிவத்துல உப்புன்னு எழுதிருக்கா?”

“அது இணைப்புல வரும்.”

இரண்டாவது வாரம் கயல் பிரஷர் கருவியோடு வந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். எண்களை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எழுத எழுத அவள் புருவம் மேலே போனது. நான்காவது வாரம் ஒவ்வொருவருக்கும் மூன்று முறை பார்த்தாள். நடுவில் கருவியின் பேட்டரியை மாற்றினாள். பிறகு தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டாள். சாப்பாடெல்லாம் படிவத்தில் சொன்னபடிதானே என்று என்னிடம் கேட்டாள். “எழுத்து பிசகாமல்” என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த இரண்டு சொற்களை நான் இன்றைக்கும் சபித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்து நாலாம் நாள் போன் வந்தது.

“மாமா, கடலூர்ல அத்தன பேருக்கும் நல்லா கொறஞ்சிருக்கு.”

“அத்தன பேருக்குமா?” என்றேன் பூரித்துப்போய்.

“அத்தன பேருக்கும் மாமா” என்றாள் அவள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். “மேடம் உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க. ஒரு தடவ வர முடியுமா?”

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவுசெய்தேன். அரை நாள் விடுப்பு. தேய்த்த வெள்ளைச் சட்டை. பையில் டைரி, இணைப்பு – அ அசல் பிரதி. பேருந்தில் சிதம்பரம் வந்து சேரும் வரை, “இதெல்லாம் பெரிய விஷயமில்லைங்க” என்று அடக்கமாகச் சொல்வதை மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மேடம் அமைதியான மனுஷி. கயல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

“சார், சிதம்பரத்துல நாங்க எதிர்பார்த்த மாதிரிதான் வந்திருக்கு. பயறு சாப்பிட்டவங்களுக்கு லேசா இறங்குது, அரிசி மாவு சாப்பிட்டவங்களுக்கு அப்படியே நிக்குது. கடலூர்ல ரெண்டு குழுவுக்குமே மடமடன்னு இறங்கியிருக்கு. கடலூர்ல அப்படி என்ன சார் இருக்கு?”

“கடல் காத்து இருக்குங்க மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “சாப்பாட்டுல யாருக்காவது ஏதாவது மாறுச்சா?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆறு வாரமாகக் காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஒரு இம்மிகூட மாறலைங்க. இருபது பேருல ஒருத்தர்கூட கட்டுப்பாட்ட மீறல.”

“எந்தக் கட்டுப்பாட்ட?”

டைரியைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். உப்பு பாதி. கருவாடு விலக்கு. ஊறுகாய் விலக்கு. மேடத்தின் பேனா மேசையில் உருண்டு நின்றது. ராத்திரி எட்டு மணிக்குள். கூடுதலாக இரண்டு சுற்று நடை. நான் நிமிர்ந்து பார்த்தபோது கயல் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கோபம் தவிர்க்கப்பட வேண்டும் என்ற கடைசி வரியைப் படிக்கும்போது என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

“கயல்” என்றார் மேடம். “இத நீங்க குடுத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“நீங்க குடுக்காம இருபது பேரு எப்படி ஒரே மாதிரி சாப்பிடுவாங்க? உப்பக் கொறச்சா பிரஷர் கொறையும்னு உங்களுக்குத் தெரியாதா? பயறுக்கு இருக்கற பலனக் கூட்டிக் காட்டறதுக்கு நீங்களே இப்படிப் பண்ணீங்கன்னு வெளியில இருந்து வர்ற தேர்வாளர் கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?”

தகவல்கள் வீணாகிவிட்டன என்பது இதற்குள் எனக்கே புரிந்திருந்தது. ஆனால் இது வேறு. இது அந்தப் பெண்ணின் பெயர். அவள் ஏமாற்றினாள் என்று ஒரு வரி எங்காவது பதிவானால், அதற்குப் பிறகு எந்தச் சாப்டரும் அவளைக் காப்பாற்றாது.

“மேடம், அது நான் பண்ணது.”

“அவங்கள காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?”

காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லும் அளவுக்கு எனக்குத் திறமை இருந்ததே இல்லை. பக்கத்தைப் புரட்டி அவரிடம் நீட்டினேன். அவர் படிக்கவில்லை, “நீங்களே படிங்க” என்றார். படித்தேன்.

‘திங்கள். காலை 6.05 பொடி. மிகுந்த கசப்பு. படிவத்தில் நிபந்தனை 4 உள்ளது, அதற்குரிய இணைப்பு இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கலாம். கயலிடம் கேட்கவில்லை, குழந்தை ஓடிக்கொண்டிருக்கிறாள். நானே தயாரித்தேன். மாலை 7.40. திருப்தி.’

மேடம் டைரியைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கடைசிச் சொல்லில் விரல் வைத்தார்.

“திருப்தி” என்றார் மேடம் மெதுவாக.

“ஆமாங்க.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “சார், உங்களுக்கு வேர்க்குது. சாஞ்சு உக்காருங்க. கயல், அந்தக் கருவிய எடுங்க.” கையில் பட்டையைக் கட்டினார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு மேடம் முதன்முறையாகச் சிரித்தார். “ஆறு வாரமா எறக்குனத ஆறு நிமிஷத்துல ஏத்திட்டீங்களே.” பிறகு ஒட்டுக் கிழிந்த கவரிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்து, போனால் போகிறது என்பதுபோல் ஒரு தகவலையும் கொடுத்தார். எனக்கு வந்தது அரிசி மாவாம். அவ்வளவு கசப்பையும் நான் சும்மா குடித்திருக்கிறேன்.

கயலின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டைரிப் பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கடலூர் இருபது பேரின் அளவுகளைப் பயன்படுத்த முடியாது என்று அங்கேயே முடிவானது. மறுபடியும் பொடி தயாரிக்க வேண்டும், மறுபடியும் இருபது பேர், மறுபடியும் ஆறு வாரம். அத்தனையும் உதவித்தொகை இல்லாமல்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். பழக்கத்தில் “ஒரு காபி, சர்க்கரை இல்லாம” என்றேன்.

“நல்லா சக்கர போட்டே குடிங்க மாமா” என்றாள் கயல். “இனிமே ஒன்னும் கெடப் போறதில்ல.”

“மன்னிச்சிரும்மா.”

“ஒரு போன் பண்ணிருக்கலாமே மாமா.”

“போன் பண்ற அளவுக்கு எனக்கு சந்தேகமே வரல.”

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து வழியும் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே, “ஊறுகாய் அதப் பாத்துதாம், அது ஊறுகாயப் பாத்துதாம்” என்று ஏதோ உளறினாள். (டைரியை நகலெடுக்கக் கொண்டுபோனபோது மற்ற பக்கங்களையும் புரட்டியிருக்கிறாள்.)

அவளுடைய பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்த எட்டு மாதமும் அக்கா வீட்டுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போய்வந்தேன். இரண்டாம் முறை சிதம்பரத்து ஆட்களை மட்டுமே வைத்துச் செய்தாள். முடிவு ஆரவாரமாக ஒன்றும் வரவில்லை. பயறுத் துண்டுகள் பிரஷரைக் கொஞ்சம் இறக்குகின்றன, நம்பிக்கை தருகிறது, இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ரஹீம் பாயும் செல்வமும் இன்னும் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அது பயறின் கணக்கிலும் வராது, என் கணக்கிலும் வராது.

இரண்டாம் முறைக்கான படிவத்தைக் கயல் எனக்கு அனுப்பி, பிழை பார்க்கச் சொன்னாள். நான்காவது நிபந்தனை இப்போது ‘எப்போதும் போலச் சாப்பிடுங்கள்’ என்று இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று: ‘பங்கேற்பாளர்கள் கூடுதல் அறிவுரைகளைத் தயாரித்து, நகலெடுத்து, மற்றவர்களுக்கு விநியோகிக்கக் கூடாது.’ ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது: “வேற எதுவும் சேக்கலியே மாமா?”

அந்தத் துறையில் இன்றைக்கும் அதே படிவம்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் அந்த வரியில் வந்து நின்று, “நகலெடுத்து விநியோகிக்கறதா? இதெல்லாம் யாருங்க பண்ணுவாங்க?” என்று கேட்பாராம். “பண்ணுவாங்க சார், மஞ்சக்குப்பத்துல ஒருத்தர் இருக்காரு” என்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்ட கயல் சொல்வாளாம். இதை அவள் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில், பந்தியில், உப்பு வைக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறாள். சாந்தி முதல்முறை கேட்பவள் போலச் சிரிக்கிறாள்.

நான் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். மைதானம்தான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. இந்தத் திருத்தத்தை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இதுவரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.